சீர் கேட்காத மாப்பிள்ளை

திருநகர் சீதாராமன் யாரையும் நம்பிக் கெட்டதாகச் சரித்திரம் இல்லை. நம்பாமல் கெடுத்த கதை ஒன்று மட்டும் உண்டு. அது ஒரு கம்ப்யூட்டரில் ஆரம்பித்தது.

அவருக்குத் தொழில் வரன் பார்த்துக் கொடுப்பது. மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பங்களில் பெண்ணுக்கோ பையனுக்கோ இடம் பார்க்க ஆரம்பித்தால் ஜாதகம் பார்க்க ஜோசியரிடம் போவார்கள், மீதி எல்லாவற்றையும் பார்க்க சீதாராமனிடம் வருவார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலேயே போய்க் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கக்கத்தில் ஒரு மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு அந்தத் தெருமுனை டீக்கடையில் போய் உட்காருவார். துணி தேய்ப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். பழைய பேப்பர் எடுப்பவரிடம் எந்த வீட்டில் காலி பாட்டில் அதிகம் விழுகிறது என்று கேட்டுக்கொள்வார். யாருக்காகக் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்று கடைசிவரை மூச்சு விடமாட்டார்.

விசாரிக்கப் போன இடத்தில் கை நனைப்பதும் கிடையாது. சம்பந்தம் முடிவாவதற்கு முன்னால் ஒரு வீட்டில் சாப்பிட்டால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும் என்பது எல்லோரும் அறிந்த வழக்கம்தான். சீதாராமன் அதைச் சாப்பாட்டோடு நிறுத்தாமல் காப்பி, மோர், பச்சைத் தண்ணீர் வரைக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் தெருக்குழாயில்தான் குடிப்பார்.

அவர் மிகவும் பயப்படுகிற ஆசாமி ஒருவர் உண்டு. குடிக்கிறவனைக்கூட அவர் கண்டுபிடித்துவிடுவார், சமாளித்துவிடுவார். "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க, பொண்ண மட்டும் குடுங்க போதும்" என்று கும்பிடு போடுகிற மாப்பிள்ளை வீட்டாரைக் கண்டால்தான் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். நகை கேட்கிறவன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஒன்றுமே கேட்காதவன் மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சொந்த மகள் தேவிகாவுக்கு அப்படி ஒரு இடம் வந்தபோது அவர் விசாரித்த விசாரிப்பில், வருமான வரி ஆபீசிலிருந்து யாரோ துப்பு எடுக்கிறார்கள் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் ஆடிட்டரைத் தேடி ஓடிவிட்டார். கல்யாணம் நடந்தது, தேவிகாவும் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் தீபாவளிக்கு மருமகன் வந்தால் மாமனார் ஒரு கண்ணை அவர்மேல் வைத்தேதான் பலகாரம் சாப்பிடுவார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. டவுனில் ஒரு கடையில் தனித்தனியாகச் சாமான் வாங்கிப் பூட்டிய பெட்டி. பையன்கள், பெண்களின் விவரங்களும் போட்டோக்களும் அதில்தான் இருந்தன. கொஞ்ச நாளில் வைரஸ் வந்தது. கடைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுத்தம் செய்து கொடுத்தார், மறுபடியும் வந்தது. உள்ளே நல்ல சாமானை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்து அனுப்புகிறார் என்று சீதாராமனுக்குச் சந்தேகம். அடுத்த தடவை ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் மனைவி பத்மாசினியின் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து அனுப்பினார். புள்ளிகள் எல்லாம் கலைந்துதான் வந்தன. சுத்தம் செய்யப் பெட்டியைத் திறக்கத்தானே வேண்டும் என்று பத்மாசினி சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, நகல் எடுத்த விண்டோஸ் வைத்திருந்த ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போலீஸ் சோதனை போட்டதாகப் பேப்பரில் வந்தது. அவர் பெட்டியில் இருந்ததும் நகல்தான். போலீஸ் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், பெட்டிக்குள் இருப்பது நம்பிக் கொடுத்த வீட்டுப் பெண்களின் படங்கள். வைரஸ் வழியாகவும் அந்தப் படங்கள் எங்கேயாவது போய்விடலாம் என்று யாரோ வேறு சொல்லித் தொலைத்தார்கள். ஒரு போட்டோ வெளியே போனாலும் அதன் பிறகு ஒரு வீட்டிலும் அவரைப் படியேற்ற மாட்டார்கள். படங்களையெல்லாம் சிடியில் ஏற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டிய பிறகும் தூக்கம் வரவில்லை.

"விண்டோசுக்குப் பதிலா, காசில்லாம, கள்ளத்தனமும் இல்லாம ஒண்ணு இருக்கு மாமா, லினக்ஸ்னு பேரு. வைரசும் அண்டாது. போட்டுக் குடுக்க ஒரு ஆளு இருக்கான்" என்று பக்கத்து வீட்டு விஜய்ஆனந்த் சொன்னான். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்மாறன் வந்து சேர்ந்தான்.

அவனுக்குத் திருமங்கலம் ரோட்டில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் வேலை. ஒல்லியான உடம்பு, அயர்ன் செய்த சட்டை, தோளில் ஒரு பை. பைக்குள் சிடிகள்.

"இத உள்ள போட்டு ஆன் பண்ணுனா இதுலருந்தே ஓடும் சார். ஒங்க ஹார்ட் டிஸ்க்ல எதையும் தொடாது. பாருங்க, புடிச்சா வச்சுக்கலாம். புடிக்கலயா, தட்ட வெளிய எடுத்துருங்க, பழையபடி ஆயிரும்."

பெண் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று சீதாராமன் நினைத்தார். உடனே ஜாக்கிரதையானார்.

"எம்புட்டு ஆகும் தம்பி?"

"ஒண்ணும் இல்ல சார்."

"சிடிக்கு?"

"அதுவும் சும்மாதான்."

"ஒன் கூலி?"

"வேணாம் சார். ஞாயித்துக்கெழம இது ஒரு பழக்கம்."

"சரி, இத எழுதுனவங்களுக்கு யாரு காசு குடுக்குறது?"

"ஒலகம் பூரா நெறைய பேர் எழுதுறாங்க சார். சில பேருக்குச் சம்பளம் உண்டு, சில பேர் சும்மா எழுதுறாங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா பாக்கலாம். ஒளிவு மறைவு இல்ல."

கேட்கக் கேட்க சீதாராமனின் உள்ளங்கை வேர்த்தது. பத்மாசினி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றான் தமிழ்மாறன். தண்ணீர் கொடுத்தாள், அதுவும் வேண்டாம் என்றான். வெளியே வெயில் கொளுத்தியது, அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு வீட்டில் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறவன் எதற்காக வந்திருப்பான் என்பது சீதாராமனுக்கு நன்றாகத் தெரியும். அவரே அப்படித்தானே போவார்! இவன் எதையோ வேவு பார்க்க வந்திருக்கிறான்.

அந்த வீட்டில் பேச்சு சௌராஷ்டிரத்தில்தான். சீதாராமன் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. காசும் வேண்டாம், காப்பியும் வேண்டாம் என்கிறான், இவன் பார்வையே சரியில்லை, நீ பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொள் என்று மனைவியிடம் தங்கள் மொழியில் சொன்னார். தமிழ்மாறன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகும் அவன் வந்தான். லினக்ஸிலேயே பல வகை உண்டாம். ஃபெடோரா ஒரு செட், டெபியன் ஒரு செட் என்று கொண்டுவந்து வைத்து, "மூணுல எது புடிக்குதோ அதப் போட்டுக்கலாம் சார்" என்றான். மூன்றாவதான உபுண்டு தபாலில் வருமாம். சீதாராமன் மூன்று வரன் வந்த வீட்டுக்காரர் மாதிரி விசாரணையில் இறங்கினார். லினக்ஸ் வைத்திருப்பவர்களிடம் அவர் கேட்கவில்லை, போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தவர்கள் யார் என்று தேடிப் பிடித்துக் கேட்டார். ஃபெடோரா வசதியான குடும்பம், அடிக்கடி வீட்டையே மாற்றிக் கட்டும், கூடவே ஓட வேண்டும் என்றார்கள். டெபியன் பெரிய கூட்டுக் குடும்பம், ஒழுங்கு உண்டு, ஆனால் ஒரு நல்லது கெட்டது முடிவாவதற்குள் வருஷம் ஓடிவிடும் என்றார்கள். உபுண்டு டெபியன் வழியில் வந்த பிள்ளைதான், சாது, எடுத்த எடுப்பில் பழகிவிடும், ஆனால் பிறந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது, எப்படி வளருமோ தெரியாது என்றார்கள். ஒருவரும் ஒரு பெரிய குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு உதைத்தது.

பிறகு ஒருநாள் தபால்காரர் ஒரு கவரை நீட்டினார். வெளிநாட்டு ஸ்டாம்பு. மேலே அவர் பெயர், அவர் விலாசம். உள்ளே உபுண்டு சிடிகள், அட்டையில் சிலர் கைகோத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்மாறன்தான் அவர் பெயருக்கு எழுதிப் போட்டிருந்தான்.

"சிடியும் சும்மா, தபால் செலவும் அனுப்புனவனே கட்டுறான். முன்னப் பின்ன தெரியாத ஒருத்தன் எனக்கு ஏன் சீர் அனுப்பணும்?" என்று பத்மாசினியிடம் கேட்டார்.

"புடிச்சாப் போடுங்க, புடிக்கலைன்னா பரண்ல போடுங்க. அந்தப் பையன ஏன் அலைய விடுறீங்க?" என்றாள் அவள்.

அவர் கவரைப் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகினார். தட்டை விசாரித்துப் பிரயோஜனம் இல்லை, தட்டைக் கொண்டுவந்தவனை விசாரிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். விஜய்ஆனந்தைக் கேட்டு ஊரைத் தெரிந்துகொண்டு, மஞ்சள் பையோடு பஸ் ஏறினார்.

திருமங்கலத்துக்குத் தெற்கே இறங்கிக் கரிசல் காட்டுக்கு நடுவே நடந்தால் ஒரு கண்மாய், கண்மாய்க்கு அந்தப் பக்கம் காலனி. ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களையெடுத்த குடும்பங்கள். இப்போது சிலருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், சிலருக்கு வெளியூரில் வேலை. முனையில் மொக்கையன் என்பவரின் டீக்கடை இருந்தது. சீதாராமன் பெஞ்சில் உட்கார்ந்தார், டீ வேண்டாம் என்றார், பேச்சுக் கொடுத்தார்.

"தமிழ்மாறன்னு ஒரு பையன், காலேஜ்ல வேல பாக்குறவன். ஆளு எப்புடி?"

"சோணையம்மா மகனா? தங்கமான பயலாச்சே. ஏன் சார்?"

"சும்மாதான். குடி, சீட்டு, எதும் உண்டா?"

"ஒண்ணும் கெடையாது."

"பொம்பளப் புள்ளைங்க பின்னாடி?"

"சேச்சே."

வாய் பழகிய பாதையில் அதுவாகவே போயிற்று. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், வீடு சொந்தமா, நிலம் எம்புட்டு, சம்பளம் நிரந்தரமா என்று முப்பது வருஷமாகக் கேட்டு வந்ததை எல்லாம் கேட்டு முடித்தார். மொக்கையன் பதில் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு குறுகுறுப்பு ஏறியதைச் சீதாராமன் கவனிக்கவில்லை. எல்லோரும் நல்லவன் என்கிறார்களே, சொல்லி வைத்துப் பேசுகிறார்களோ என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்மாறன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தான், ஆனால் கேட்டுக்கு உள்ளே வரவில்லை.

"சார், எங்க ஊருக்கு வந்தீங்களா?"

சீதாராமன் அப்போதுகூட ஒப்புக்கொள்ள மனமில்லாமல், "யாரு சொன்னா?" என்றார்.

"மஞ்சப் பை, டீ குடிக்காத ஆளு. ஒங்களத் தவிர யாரு சார்? எனக்குச் சரண்யாதேவின்னு ஒரு பொண்ணப் பேசி முடிச்சு, பூ வைக்கத் தேதி குறிச்சிருந்தாங்க. மதுரையிலருந்து தரகர் வந்து எங்க சொத்து பத்தெல்லாம் விசாரிச்சிட்டுப் போனாருன்னு ஊரு பூராப் பேச்சு. நாங்க வெளிய வேற பெரிய எடம் பாக்குறோமாம், அவுங்களச் சும்மா இழுத்தடிக்கிறோமாம். பொண்ணோட அப்பா பூ வைக்க வேணாம்னு நிறுத்திட்டாரு. எங்கம்மா சாப்புடல சார்."

"நான் அதுக்கு வரல தம்பி. இந்தக் கம்ப்யூட்டருக்காக..."

"தெரியும் சார். என்னயப் பத்தி என்கிட்டயே கேட்டிருக்கலாம்."

போகத் திரும்பியவன் நின்றான். பீரோச் சாவி பத்திரமா இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டுப் போனான். அதைச் சொன்னது சௌராஷ்டிரத்தில். மதுரைத் தெப்பக்குளம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி, சௌராஷ்டிரப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவனுக்கு அந்தப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. முதல் நாளிலிருந்து அந்த வீட்டில் தன்னைப் பற்றிப் பேசியது அத்தனையும் அவனுக்குப் புரிந்திருந்தது. புரிந்தும் ஒவ்வொரு ஞாயிறும் வந்திருக்கிறான்.

சீதாராமனுக்கு அவமானமாக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், ஆனால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. திண்டுக்கல்லோ பரமக்குடியோ, சேராத இடத்தைக்கூடச் சேர்த்து வைத்த கை அது. இப்போது சேர்ந்த இடத்தைப் பிரித்துவிட்டு வந்திருக்கிறது.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் பத்மாசினி. "விசாரிக்கத் தெரிஞ்சவருக்கு வெளக்கம் சொல்லவும் தெரியணும்."

சரண்யாதேவியின் தகப்பனார் பெயர் சங்கிலி. பக்கத்து ஊர். மல்லிகைத் தோட்டம் வைத்து, விடிவதற்குள் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு வருகிறவர். சீதாராமன் போனபோது ஓட்டு வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

சீதாராமன் எல்லாவற்றையும் சொன்னார். தான் தமிழ்மாறனுக்குப் பெண் பார்க்கவில்லை, அவன் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒன்று போட்டுத் தருகிறேன் என்றான், அதற்காகத்தான் விசாரித்தேன் என்றார். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது பச்சைப் பொய்யாகக் கேட்டது.

சங்கிலி நிதானமாகக் கேட்டார். "அது என்ன வெல?"

"வெல இல்லண்ணே. சும்மாதான்."

"அவனுக்குக் கூலி?"

"அதுவும் வேணாம்னுட்டான்."

"சும்மா குடுக்குற சாமானுக்கு, சும்மா செய்யிற வேலைக்கு, பஸ்சு புடிச்சு வந்து, அவன் நெலம் எம்புட்டுன்னு கேட்டீக. இத நான் நம்பணும்."

இந்தக் கேள்விகள் எல்லாம் அவருடையவை. இந்தப் பார்வையும் அவருடையதுதான், கண்ணை இடுக்கிக்கொண்டு, முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கிற பார்வை.

"நானும் ஒண்ணு சொல்லட்டா?" என்றார் சங்கிலி. "நக எம்புட்டுப் போடணும்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம் மாமான்னான். அப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இந்தக் காலத்துல ஒண்ணுமே வேணாம்கிறவன் இருக்கானா? வேற எங்கயோ பெருசாப் பேசுறான், நம்மள ஒதுக்கிவிட வழி தேடுறான்னு நெனச்சேன். மறு வாரமே நீங்க வந்து நிக்கிறீக."

உள்ளேயிருந்து ஒரு பெண் டம்ளரில் காப்பியோடு வந்தாள். சரண்யாதேவிதான் என்று பார்த்ததும் தெரிந்தது. அவள் டம்ளரை நீட்ட, சீதாராமனின் கை பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று எழுந்தது. "இப்பத்தான் குடிச்சேம்மா" என்று வாய் சொல்லியும் விட்டது.

சங்கிலியின் முகம் கறுத்தது.

"அவன் ஒங்க வீட்டுல என்ன குடிச்சான்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடிக்கலண்ணே."

"ஏன்னு கேட்டீகளா?"

"கேக்கல." என்றார் சீதாராமன். "சந்தேகப்பட்டேன்."

"படிக்கிற காலத்துல ஒரு வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனான். தண்ணி கேட்டான். குடிச்ச டம்ளர அவனையே கழுவி வெளித் திண்டுல வைக்கச் சொன்னாக. அன்னைலருந்து வேல பாக்குற எடத்துல தண்ணி கேக்குறதில்லன்னு சோணையம்மா சொல்லுச்சு. நீங்க எதுக்கு வேணாம்னீக?"

தொழில் வழக்கம், விசாரிக்கப் போன வீட்டில் கை நனைப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த வாசலில் அந்த உண்மைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. அவர் எழுந்து நின்று, சரண்யாதேவியின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, சூட்டையும் பார்க்காமல் குடித்து முடித்தார். நாக்கு வெந்தது. நல்ல காப்பிதான்.

சரண்யாதேவி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போகவில்லை. பி.காம். படித்த பெண், அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள், "அவரு குடுத்ததப் போட்டுட்டீங்களா சார்?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அவரு தங்கமான ஆளுன்னு எங்கப்பாகிட்ட சாட்சி சொல்ல வந்திருக்கீங்க. ஆனா அவரு சும்மா குடுத்த சிடியப் போட மட்டும் ஒங்களுக்குப் பயம்."

சங்கிலி மகளைப் பார்த்தார், பிறகு சீதாராமனைப் பார்த்தார். "சரியாத்தான கேக்குறா? நீங்களே நம்பாத பயல நான் எப்புடி நம்பிப் பொண்ணு குடுக்குறது? மொதல்ல அதப் போடுங்க சார். அப்புறம் பேசுவோம்."

மறுநாள் சீதாராமன் கல்லூரி வாசலில் போய் நின்றார். லேப் முடிந்து வெளியே வந்த தமிழ்மாறன் அவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நடந்தான். அவர் பின்னாலேயே ஓடி, "தம்பி, உபுண்டுவே போட்டுரு. பழச மொத்தமாத் தூக்கிரு" என்றார்.

"சரண்யா எல்லாம் சொல்லுச்சு. அவுங்க வீட்டுல சொன்னாங்கன்னு போடணும்னு இல்ல சார்."

"அதுக்காகவும்தான். ஆனா அதுக்கு மட்டுமில்ல. என்னமோ, இந்த ஒரு தடவ விசாரிக்காமப் போட்டுப் பாக்குறேன்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

பெருமாள் படத்துக்குப் பின்னாலிருந்து கவர் வெளியே வந்தது. சிடி சுழன்றது, ஏதேதோ கேள்விகள் வந்தன, அவன் பதில் கொடுத்துக்கொண்டே போனான். டிஸ்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடட்டுமா என்று ஒரு கேள்வி வந்ததும் கையை எடுத்துக்கொண்டான்.

"இத நீங்களே அழுத்துங்க சார்."

சீதாராமனுக்கு ஆயிரம் யோசனை வந்தது. சிடியில் ஏற்றிய படங்கள் சரியாக ஏறியிருக்குமா, இது பாதியில் நின்றால் யாரைக் கேட்பது, இவன் நாளைக்கு வராமல் போனால் என்ன செய்வது. பத்மாசினி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி அவள் இடுப்பில் இல்லை, பீரோவிலேயே தொங்கியது. சீதாராமன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

எல்லாம் முடிந்து திரை மண் நிறத்தில் விரிந்தது. காப்பியை அன்றைக்கும் தமிழ்மாறன் தொடவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. "வாரேன் சார்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் போய்விட்டான்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை, மாட்டுத்தாவணியில் பூவை இறக்கிய கையோடு சங்கிலி திருநகரில் வந்து இறங்கினார். வருவதாகச் சொல்லி அனுப்பவில்லை. வாழையிலையில் கட்டிய மல்லிகையைப் பத்மாசினியிடம் கொடுத்துவிட்டு, நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார்.

"இதா?"

"இதான்."

"செம்மண் கலர்ல இருக்கு."

சீதாராமன் ஒரு பெண்ணின் விவரத்தைத் திறந்து காட்டினார், மூடினார், மறுபடி திறந்தார். வைரஸ் இல்லை, போலீஸ் பயம் இல்லை, பையன் சொன்ன எதுவும் பொய்யாகவில்லை என்றார். சங்கிலி திரையைப் பார்க்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களப் பத்தி முக்கு டீக்கடையில விசாரிச்சிட்டுத்தான் வாரேன்" என்றார்.

சீதாராமனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரைப் பற்றி விசாரித்த முதல் ஆள் இவர்தான். "என்ன சொன்னாங்க?"

"பெத்த மகளுக்கு மாப்பிள்ள பாத்தப்பக்கூட நம்பாத ஆளாம். பொட்டியோட திருகாணிக்கெல்லாம் சாயம் அடிச்சு வச்ச ஆளாம். அந்த மனுசன் ஒருத்தன நல்லவன்னு சொல்லி நாங்க கேட்டதே இல்லன்னு சொன்னாக." சங்கிலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்பேர்ப்பட்ட ஆளே அந்தப் பய குடுத்தத வாங்கி வீட்டுக்குள்ள வச்சிருக்கீகன்னா, இதுக்கு மேல நான் யார்கிட்டண்ணே போயி விசாரிக்க?"

பத்மாசினி காப்பி கொண்டுவந்தாள். சங்கிலி டம்ளரை ஒரு கணம் பார்த்தார். சீதாராமன் குடிக்கிற அதே மாதிரி டம்ளர். வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்து, கீழே வைத்தார்.

"கை நனைச்சாச்சு" என்றார். "தேதி பாக்கச் சொல்லிரலாம்."

அவர் போன பிறகு சீதாராமனால் சும்மா இருக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போய், அப்படி ஒருவர் நிஜமாகவே வந்து விசாரித்தாரா என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தார்.

பத்திரிகை வைக்கத் தமிழ்மாறன் தனியாகத்தான் வந்தான். அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்திருந்தது, பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்ததில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தட்டில் வைத்துப் பத்திரிகையைக் கொடுத்தான். குடும்பத்தோடு வந்து இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றான். சீதாராமன் வருகிறேன் என்றார். பத்மாசினி காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டு அவன் வேண்டாம் என்று சொல்வதை மறுபடி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

தமிழ்மாறன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, சௌராஷ்டிரத்தில், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் அம்மா என்று கேட்டான்.

பத்மாசினிக்கு முன்னால் சீதாராமன் எழுந்துவிட்டார். பானையில் மொண்டு வீட்டுச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அவன் தலையைச் சாய்த்து மடக்மடக்கென்று குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேள்வி கேட்டே வளர்ந்த வாய் அவருடையது. இன்னொரு சொம்பு வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.